கண்ணில்லாச் சாமிக்குப் பாலாபிஷேகம்

கொடைக்கானலில் உயிரியல் வாத்தியாராக இருப்பதில் ஒரு பெரிய தொல்லை உண்டு. எவனைப் பார்த்தாலும் காட்டுமாட்டைப் பற்றித்தான் கேட்பான். அதுவும் சும்மா இருக்கிறதா? நாயுடுபுரத்தில் என் வீட்டு வாசல்வரை வந்து, நான் வைத்த ரோஜாச் செடியைத் தின்றுவிட்டு, சீசனுக்கு வந்தவர்களோடு போட்டோவுக்கும் நின்றுவிட்டுப் போகிறது. காட்டுமாடு, மலையணில், குறிஞ்சிப் பூ. இந்த மூன்றையும் விட்டால் இந்த மலையில் வேறு உயிரே கிடையாது என்பதுதான் ஊரின் முடிவு. நானோ அரிசி மணி அளவில் இருக்கிற, கண்ணே இல்லாத ஒரு வெள்ளைப் பூச்சியின் பின்னால் அலைகிறவன். அதுவும் மலைமேல் இல்லை. கீழே ஆயக்குடிப் பக்கம், எங்கள் கொய்யாத் தோப்புக் கிணற்றில்.

ஒருமுறை ஆசை ஆசையாக ஒன்றைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் ஸ்டாஃப் ரூமில் காட்டினேன். வேதியியல் டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். "என்ன சார், சோத்துப் பருக்கை நீந்துது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய? ஆனால் உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

அது கிடைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். தோப்பைப் பார்த்துக்கொள்வது என் அண்ணன். அந்த வருஷம் போர்வெல்லில் தண்ணீர் இறங்கி, மோட்டார் வெறும் காற்றைத் துப்பியது. அண்ணன் வேறு வழியில்லாமல், பல வருஷமாகச் சீந்துவாரின்றிக் கிடந்த பழைய கிணற்றில் கயிறும் வாளியும் போட்டான். லீவுக்கு இறங்கி வந்திருந்த நான் முகம் கழுவக் குனிந்தேன். நீல வாளிக்குள் ஏதோ வெள்ளையாக ஒருக்களித்து நீந்தியது. கையில் எடுத்துப் பார்த்தால் இறாலுக்குத் தூரத்துப் பங்காளி. கால்கள் இருக்கின்றன, உடம்பைவிட நீளமான மீசை இருக்கிறது, கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் மழமழவென்று இருக்கிறது. நான் அங்கேயே சகதியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு மயக்கம் என்று நினைத்து அண்ணி மோர் கொண்டுவந்தார்.

மேலே கொடைக்கானலில் குடை இல்லாமல் வெளியே போக முடியாது. கீழே ஆயக்குடியில் மழையைப் பார்த்தால் ஆளாளுக்குப் போன் பண்ணிச் சொல்வார்கள். வருகிற மேகத்தையெல்லாம் மலையே வாங்கிப் போட்டுக்கொள்கிறது. அடிவாரத்துக்காரனுக்கு வேடிக்கை பார்க்கிற சோலி மட்டும்தான். ஆனால் இந்தத் தரையும் ஒரு காலத்தில் ஈரமாக இருந்திருக்கும். லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் அது காயத் தொடங்கியபோது, ஓடையிலும் சருகடியிலும் பிழைத்துக் கிடந்த பூச்சிகளுக்கு என்ன வழி? மனுஷனாக இருந்தால் மலைக்கு ஏறி லாட்ஜில் ரூம் போட்டிருப்பான். இதுகள் தண்ணீர் போன வழியிலேயே பாறை வெடிப்புக்குள் இறங்கிவிட்டன. மேலே இருந்த சொந்தபந்தமெல்லாம் வெயிலில் செத்துப் போக, இறங்கினது மட்டும் மிஞ்சியது. யாரும் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறோம்.

கண் எப்படிப் போனது என்று கேட்டால், உபயோகிக்காததால் போய்விட்டது என்று பாடம் நடத்துகிற வாத்தியார்கள் இன்னமும் இருக்கிறார்கள். உபயோகிக்காதது போய்விடும் என்றால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேருக்குத் தலையே இருக்கக் கூடாது. விஷயம் வேறு. வெளிச்சத்தில் கண் கோளாறோடு பிறந்த பூச்சியை மறுநாளே மீன் தின்றுவிடும். இருட்டில் கண் உள்ளதும் இல்லாததும் ஒன்றுதான், கோளாறைக் கேட்பாரில்லை. அது தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே போகிறது. போதாததற்குக் கண்ணை வளர்க்கத் தீனி வேண்டும். வெடிப்புக்குள் தீனிக்கு எங்கே போவது? அந்தக் கொஞ்சத்தையும் மீசைக்குச் செலவழித்தவை பிழைத்துக்கொண்டன. ஆஸ்திரேலியாவில் பாலைவனத்துக்கு அடியில் கண்ணில்லாத நீர்வண்டுகள் இருக்கின்றன. நிலத்தடியில் ஒவ்வொரு தண்ணீர்த் தேக்கத்துக்கும் தனித்தனி இனம், பக்கத்துத் தேக்கத்தோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது. அப்படிப் பார்த்தால் எங்கள் கிணற்றடியில் இருப்பது உலகத்தில் வேறு எங்கேயும் இல்லாமல் போகலாம்.

சுற்றுவட்டாரத்தில் கிணறு வைத்திருக்கிறவர்களையெல்லாம் கெஞ்சி வாளி போட்டுப் பார்த்தேன். பாதிக் கிணறு வறண்டு கிடந்தது, மீதியில் தவளைதான் இருந்தது. இந்த மாதிரிப் பூச்சிகளிலேயே ஊறிப் போன ஒருவர் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பிடித்ததையெல்லாம் ஸ்பிரிட்டில் போட்டு அனுப்பினேன். போய்ச் சேர்வதற்குள் காலெல்லாம் உதிர்ந்துவிட்டதாம். மனுஷர் போனில் தங்கமாகப் பேசினார். புது இனம் மாதிரித்தான் தெரிகிறது, ஆனால் முழுசாக ஆணும் பெண்ணும் வேண்டும், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், தைப்பூசக் கூட்டம் ஓய்ந்ததும் வருகிறேன், அதுவரைக்கும் கிணற்றில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் வந்தால் அதற்கு ஒரு பெயர் கிடைக்கும். பெயர் கிடைத்தால்தான் உலகத்தைப் பொறுத்தவரை அது இருந்ததாகவே அர்த்தம். எனக்கு அந்த மாசமெல்லாம் தூக்கமே பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின மாசம்கூட நன்றாகத் தூங்கினவன் நான்.

கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வடக்கேயிருந்து சொல்வது சுலபம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருகிறவர்களுக்கு எங்கள் குடும்பம் ரோட்டோரத்தில் தண்ணீர்ப் பந்தல் போடும். அப்பா காலத்திலிருந்து நிற்காத காரியம். போர்வெல் செத்துப் போனதால் அந்த வருஷம் தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்துதான் வந்தாக வேண்டும். பந்தல் சோலியெல்லாம் பார்ப்பது சித்தப்பா மகன். பந்தலுக்கு முன்னால் கிணற்றை இறைத்து, மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடர் கொட்டுவது என்று அவன் முடிவு பண்ணிவிட்டான். பாதயாத்திரை வருகிறவர்கள் டம்ளரில் வெள்ளைப் பூச்சியைப் பார்த்தால் குடும்ப மானம் போய்விடுமாம்.

பொங்கல் லீவுக்கு இறங்கினபோது நான் போய் அவனிடம் பரிணாம வளர்ச்சியை விளக்கினேன். எனக்கு வேறு என்ன தெரியும்? நிலம் காய்ந்ததையும், கண் போனதையும், மீசை வளர்ந்ததையும் தொண்டை வறளச் சொன்னேன். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் கொடுக்கலாம், காலங்காலமாகக் கிடக்கிற உயிர்களை ஒரே நாளில் கொல்ல வேண்டாம் என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதாண்ணே, பவுடரு எத்தன மூட்டை சொல்லட்டும்?" என்றான். பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அண்ணன் என்னைத் தனியாகக் கூட்டிப் போனான். நீ வாயைத் திறந்தால் காரியம் கெடும், லீவு முடிகிறதில்லையா, வெள்ளனே பஸ் ஏறிப் போய்ச் சேர், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அண்ணன் சொன்னால் செய்வான். அந்த நம்பிக்கையில் மறுநாள் விடிவதற்குள் மலையேறிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் போனில் கூப்பிட்டு, பவுடர் மூட்டை திரும்பிப் போய்விட்டது என்று சொன்னான். எப்படிச் சொல்லித் தடுத்தாய் என்று கேட்டேன். வெற்றிலையைத் துப்புகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான்.

"அதுக பூச்சியில்லடா, சித்தருகன்னு சொல்லிப்புட்டேன். மலைக்கு மேல சாமி, மலைக்கு அடியில சித்தருக. கண்ணத் தொறந்தா தவம் கலைஞ்சிரும்னு கண்ணையே வேணாம்னு விட்டுட்டாகன்னு சொன்னேன். பய அப்படியே கன்னத்துல போட்டுக்கிட்டான்."

"அண்ணே, இது பச்சைப் பொய்ண்ணே."

"பொய்தான். பவுடரு விழலேல்ல?"

நான் லட்சம் வருஷத்துக் கதையை மணிக்கணக்காகச் சொல்லி ஆகாத காரியத்தை அவன் ஒரு வாய் வெற்றிலையில் முடித்துவிட்டான். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் பூச்சி பிழைத்ததே, அது போதும் என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சித்தப்பா மகன் கன்னத்தில் போட்டுக்கொண்டதோடு நிறுத்துகிற ஆளா? பந்தலில் தண்ணீர் குடிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். ஒருத்தன் வாளிக்குள் போனை நீட்டி வீடியோ எடுத்துப் போட்டான். அந்த வாரமே தோப்பு வாசலில் பிளெக்ஸ் ஏறிவிட்டது: 'கண்ணில்லாச் சித்தர்கள் அருள்பாலிக்கும் தீர்த்தக் கிணறு'. பக்கத்தில் தாடி வைத்த ஒரு பெரியவர் படம், எங்கிருந்து பிடித்தானோ தெரியாது. ஓரத்தில் சித்தப்பா மகனும் கைகூப்பி நிற்கிறான். பூச்சியின் படம் மட்டும் இல்லை. பார்க்க லட்சணமாக இல்லையாம்.

கண்ணில்லாத சாமி என்றதும் ஜனங்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? கண்ணைத்தான் கேட்டார்கள். புரை விழுந்தவர்கள், சர்க்கரையில் பார்வை மங்கினவர்கள், பிள்ளைக்கு மாறுகண் என்று தூக்கி வந்தவர்கள், எல்லாரும் அந்தத் தண்ணீரை எடுத்துக் கண்ணில் விட்டுக்கொண்டார்கள். தனக்கே இல்லாததை அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஸ்டாஃப் ரூமில் சோத்துப் பருக்கை என்று சொன்ன அதே வேதியியல் டீச்சர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், காரிடாரில் என்னை ஓரங்கட்டி, மாமியாருக்குக் கண்ணில் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள், கீழே போனால் ஒரு சின்ன பாட்டிலில் அந்தத் தண்ணீர் கிடைக்குமா சார் என்றார். படித்துக் கிழித்தோம் நாமெல்லாம். நான் வகுப்புக்குப் போய்விட்டேன்.

தண்ணீரை எடுத்துக்கொண்டு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சாமி என்று ஆன பிறகு வெறுங்கையோடு வருவார்களா? பால் வந்தது. முதலில் சொம்பில், பிறகு கேனில். பால் போனால் பஞ்சாமிர்தம், பஞ்சாமிர்தம் போனால் சந்தனம், தயிர், இளநீர். எல்லாம் கிணற்றுக்குள். அண்ணனுக்குப் பயம் வந்து போனில் என்னைக் கேட்டான், பால் நல்லதுதானே, பூச்சி குடிக்கும்தானே என்று. வெடிப்புக்குள் ஒன்றுமில்லாததைத் தின்று பழகின உயிர் அது. தண்ணீரில் பால் விழுந்தால் கிருமி பெருகும், அது உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் இழுத்துக்கொள்ளும், பூச்சி மூச்சு முட்டிச் சாகும், வெரசா நிறுத்து என்று கத்தினேன். பட்டினி கிடந்து பிழைத்ததை விருந்து வைத்துக் கொல்கிறார்கள் என்றேன்.

அண்ணன் கிணற்றுக்கு மேலே கம்பி வலை போட்டான். ஜனங்கள் வலை வழியாக ஊற்றினார்கள். வலைக் கம்பியில் வேண்டுதலுக்கு மஞ்சள் கயிறு கட்டினார்கள். கேட்டைப் பூட்டினான். சித்தப்பா மகன் திறந்துவிட்டான்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கி ஓடினேன். வாசலில் செருப்புக் குவியலைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனால் பாட்டு, பத்தி, கூட்டம். கிணற்று மேட்டில் ஏறி நின்று, இது சாமியில்லை, பூச்சி, நீங்கள் ஊற்றுகிற பாலில் செத்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். யாரும் கோபப்படக்கூட இல்லை. ஒரு பெரியவர் பரிதாபமாகப் பார்த்து, படித்தவர்களுக்கு இப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும் என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன். நீ வாயைத் திற, நீ கட்டின கதை என்று சொல் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அத்தனை பேர் முன்னால், அப்பா பேரில் பந்தல் போடுகிற இடத்தில், நான் பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வான்? அன்றைக்கு அவன்மேல் வந்த ஆத்திரம் இன்னும் எனக்கு முழுசாகத் தீரவில்லை.

தைப்பூசம் முடிந்து கூட்டம் குறைந்தபோது கிணறு நாறியது. வாசலிலேயே மூக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. நூல் வலையைக் கயிற்றில் கட்டி இறக்கித் தூக்கினேன். திரிந்த பால் கட்டி கட்டியாக வந்தது. அதற்குள் அதுகளும் இருந்தன. பாலும் அதுகளும் ஒரே நிறம். விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன், மீசை தட்டுப்பட்டால்தான் எது எது என்று தெரிந்தது. அழுகி, தொட்டால் கரைகிற பதம். பெயர் வைக்கிறதற்குக்கூட ஒன்றும் தேறவில்லை. வடக்கே கூப்பிட்டுச் சொன்னேன். அவர், வேறு கிணற்றில் கண்ணில் பட்டால் சொல்லுங்கள், உடனே வருகிறேன் என்றார்.

மோட்டார் வைத்து இறைக்கலாம் என்று அண்ணன் சொன்னான். இறைத்தால் வெடிப்புக்குள் இருக்கிற நாலு சொட்டு நல்ல தண்ணீரும் கெட்ட தண்ணீரோடு சேர்ந்து மேலே வந்துவிடுமே என்று எனக்குப் பயம். இறைக்காவிட்டால் இந்த நாற்றம் உள்ளே இறங்குமே என்று அதற்கும் பயம். இரண்டு பேரும் மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அண்ணன் தாடி நரைத்து, ஒரு மாசத்தில் கிழவனாகியிருந்தான்.

"உள்ளுக்குள்ள, வெடிப்புல, ரெண்டு மூணாச்சும் தப்பிச்சிருக்காதாடா?"

"தெரியலைண்ணே."

"நாந்தானடா கொன்னுப்புட்டேன்."

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. காப்பாற்றத்தானே பொய் சொன்னான்? நான் சொன்ன மெய்யால் ஒரு பவுடர் மூட்டைகூட நகரவில்லையே. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் முடிந்தது.

அப்போது கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் புருஷன். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டு, காலால் தரையைத் தடவித் தடவி நடந்தார். தாராபுரத்துப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்களாம். கொடைக்கானல் மலையில் பூண்டிப் பக்கம் பூண்டு அறுக்கப் போன இடத்தில் யாரோ வீடியோ காட்டினார்களாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கம்மா என்றேன். பார்த்தாயிற்று, சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிரித்துவிட்டார்கள் என்று அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார்.

அந்த அம்மா கிணற்று மேட்டில் ஏறப் போனபோது அண்ணன் எழுந்து போய் வழியை மறித்து நின்றான். இத்தனை நாள் சொல்லாததைச் சொன்னான்.

"ஊத்தாதீகம்மா. அது சாமி இல்ல. நாந்தான் பொய் சொன்னேன். பூச்சிதான், அதும் செத்துப் போச்சு. இந்தப் பால ஊத்தித்தான் செத்துச்சு."

அந்த அம்மா அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமில்லை, அதிர்ச்சியுமில்லை. புத்தி பேதலித்தவனைப் பார்க்கிற கனிவு.

"சாமி சாகுமுங்களாய்யா?"

வலை வழியாக எட்டிப் பார்த்தார். அழுகின தண்ணீரில் கொசுப் புழு கொள்ளை கொள்ளையாக நெளிந்துகொண்டிருந்தது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அந்தா வர்றாங்க பாருங்க" என்று புருஷன் காதருகில் சொன்னார். அந்த மனுஷர் பார்வையில்லாத முகத்தைக் கிணற்றுப் பக்கம் திருப்பிக் கைகூப்பினார். பால் இறங்கியது. நாங்கள் இரண்டு பேரும் தடுக்கவில்லை.

அந்த அம்மா தூக்குவாளியில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார். மூடியில் ஊற்றி முதலில் அண்ணனிடம் நீட்டினார், பிறகு என்னிடம். பிரசாதமாம். அண்ணன் வாங்கிக் குடித்தான். நானும் குடித்தேன். சீனி கொஞ்சம் தூக்கலாக இருந்தது.